460-ஐ 603 என்று எழுதச் சொல்கிறார்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, ஒரு கட்டுமான நிறுவனத்தில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) இன்ஜினீயராக வேலை பார்க்கிறேன். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் ஐந்து தளம் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கிங் தளத்தில் பத்துத் தூண்களுக்கு எம்25 கான்கிரீட் (28ஆம் நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய ரகம்) ஒரே டிரக்கில், ஆறு கன மீட்டர், வந்தது. இறுக்கமாக இருக்கிறது என்று டிரக்கிலேயே தண்ணீர் ஊற்றினார்கள். அதே கான்கிரீட்டில் சோதனைக்காக வார்த்த கியூப் ஏழாம் நாள் 14 வந்தது. 28ஆம் நாள் மூன்று கியூபும் 455, 462, 460 கிலோநியூட்டனில் உடைந்துவிட்டன. சராசரி சதுர மி.மீ.க்கு 20.4 நியூட்டன். ரிஜிஸ்டரில் 26.8 என்று எழுதச் சொல்கிறார் புராஜெக்ட் மேனேஜர். பில் அதில் நிற்கிறது. அவர் எங்கள் சபையின் கமிட்டியில் இருப்பவர். "எஜமானுக்கு எல்லாக் காரியத்திலும் கீழ்ப்படியணும்னு கொலோசெயர்ல இருக்கே தம்பி" என்றார். இரண்டு மாதம் முன்பு ஒரு ஃபுட்டிங்குக்கு (தூணின் அடித்தளத்துக்கு) வந்த 23.1-ஐ அவர் சொல்லி 25.6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து நற்கருணை எடுக்க மனம் வரவில்லை. மனைவிக்கு எட்டாம் மாதம். வீட்டுக்கடன் இருக்கிறது. அப்பா, "ஊரோடு ஒத்து வாழ்" என்கிறார். முதல் தள ஸ்லாப் போட்டாயிற்று; வரும் செவ்வாய்க்கிழமை அடுத்த ஸ்லாப். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

எழுதாதீர்கள். 26.8 என்று எழுதினால் மெஷின் 603 கிலோநியூட்டன் காட்டியது என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். 150 மி.மீ. கியூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ.; அதை 26.8-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். நீங்கள் கண்ணால் பார்த்தது 460. கியூப் ரிஜிஸ்டர் ஒரு சாட்சிப் புத்தகம். நாளை அந்தத் தூண்களுக்கு மேலே படுத்துத் தூங்கப்போகிற குடும்பங்கள் கான்கிரீட்டைச் சோதித்துப் பார்க்க முடியாது. அவர்களுக்குப் பதிலாகப் பார்க்கிறவர் நீங்கள். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளை "பிறனுக்கு விரோதமாக" என்றே தொடங்குகிறது. அந்தப் பிறன் ஐந்து தளங்களிலும் இருக்கிறான்.

மனச்சாட்சி என்றதும் நம் சபைகளில் "மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜெபம் பண்ணு" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. தானியேல் அப்படிச் செய்யவில்லை. தானியேல் 1:8-13-ஐ முழுதும் வாசித்துப் பாருங்கள். தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று முதலில் இருதயத்தில் தீர்மானம்பண்ணினான். பிறகு பிரதானிகளின் தலைவனிடத்தில் வேண்டிக்கொண்டான். அந்தத் தலைவன் தன் தலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தான். தானியேல் உடனே விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும், பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடும், பிறகு நீரே முகத்தைப் பார்த்து முடிவுசெய்யும் என்றான். எதைச் செய்யமாட்டான் என்பதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிரே இருந்தவனுக்கு அவன் பயத்திலிருந்து வெளியே வர ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு போனான். உங்கள் விஷயத்தில் அந்த வழி கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இல் அச்சிட்டே இருக்கிறது. கியூப் தோற்றால் இடிக்கத்தான் வேண்டும் என்று உங்கள் மேனேஜர் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அது அப்படி இல்லை.

முதலில் எண்களை நேராக்கிக்கொள்வோம். 25-க்கு மேல் வந்தால் பாஸ், கீழே வந்தால் ஃபெயில் என்று சைட்டுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தவறு. எம்25-க்கு, தொடர்ந்து வரும் நான்கு மாதிரிகளின் சராசரி குறைந்தது 28 இருக்க வேண்டும். எந்தத் தனி மாதிரியும் 22-க்குக் கீழே போகக்கூடாது. ஒரு மாதிரி என்பது மூன்று கியூபின் சராசரி. அந்த மூன்றில் ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. உங்கள் மூன்றும் 20.2, 20.5, 20.4. ஒன்றோடொன்று ஒட்டி வந்திருக்கின்றன. ஆகவே ஏதோ ஒரு கியூப் மட்டும் சரியாக இறுகவில்லை என்று தள்ளிவிட முடியாது. 22 என்ற வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது. மேனேஜர் கேட்கிற 26.8-ஐ எழுதினாலும் நான்கின் சராசரி 28-ஐத் தொட மற்ற மூன்றும் உயர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த மூன்று எண்களிலும் கை வைக்க வேண்டிவரலாம்.

அவரிடம் போகும் முன் உங்கள் பக்கத்தைச் சோதியுங்கள். குறைந்த எண்ணுக்குச் சோதனை முறையே காரணமாக இருந்துவிடவும் கூடும், அதைத் தெரிந்துகொள்ளாமல் நியாயம் பேசக்கூடாது. கியூபை வார்த்தபோது மட்டம் தட்டிய முகம் பக்கவாட்டில் இருந்ததா? அந்த முகத்தில் லோடு ஏறினால் எண் குறையும். லோடு ஏற்றிய வேகம் நிமிடத்துக்குச் சுமார் 315 கிலோநியூட்டன் இருக்க வேண்டும். 460 வரை போக ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். மூன்று நிமிடம் மெதுவாக ஏற்றியிருந்தால் எண் கொஞ்சம் குறையும். மெஷினின் கேலிப்ரேஷன் தேதி என்ன? கியூப் 27 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் 28 நாளும் மூழ்கிக் கிடந்ததா, இல்லை தொட்டி வற்றிப்போய் நடுவில் காய்ந்ததா? இவையெல்லாம் சரி என்றால் கான்கிரீட்தான் குறை. காரணமும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட், 153 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் நீர்-சிமென்ட் விகிதம் 0.45. ஆறு கன மீட்டர் டிரக்கில் 120 லிட்டர் ஊற்றினால் கன மீட்டருக்கு 20 லிட்டர் கூடி, விகிதம் 0.51-ஐத் தொடும். வலிமை அங்கேதான் போகிறது. டெலிவரி சலானில் கிளம்பிய நேரமும் வந்த நேரமும் இருக்கும்; எடுத்து வையுங்கள். ரெடிமிக்ஸ் தாமதமாக வந்து இறுகியதா, நம் ஆட்கள் பம்ப் ஓடுவதற்காக ஊற்றினார்களா என்பது அதிலிருந்து தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காதீர்கள். ஆறு கன மீட்டருக்கு இரண்டு மாதிரி எடுத்திருக்க வேண்டும். 28 நாளுக்கு மூன்று கியூப் மட்டும் உடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு மாதிரிதான். ஏழாம் நாள் 14 வந்தபோதே, அதாவது கேட்ட வலிமையில் 56 சதவீதம்தான் வந்தபோதே, கடிதம் போயிருக்க வேண்டும். சாதாரணமாக அந்த நாளில் 65 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்ப்போம், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் கொஞ்சம் பிந்தும், ஆனாலும் அது எச்சரிக்கைதான். மூன்று வாரம் முன்பு சொல்லியிருந்தால் மேலே ஸ்லாப் ஏறியிருக்காது, இந்த நெருக்கடியும் பாதியாகியிருக்கும். இவை உங்கள் குறைகள். உங்கள் அறிக்கையில் இவற்றையும் எழுதுங்கள். தன் குறையையும் சேர்த்து எழுதுகிறவனுடைய அறிக்கையை யாரும் பழிவாங்கல் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது வழி. ஐ.எஸ். 456-இன் 17ஆம் பிரிவு சொல்வது சுருக்கமாக இது. கியூப் வரம்பை எட்டவில்லை என்றால் கட்டமைப்பிலிருந்தே கோர் (துளைத்தெடுக்கிற உருளைத் துண்டு) எடுத்துச் சோதிக்கலாம். குறைந்தது மூன்று கோர். அவற்றைக் கியூப் வலிமைக்கு மாற்றிக் கணக்கிடும்போது சராசரி கிரேடில் 85 சதவீதத்தையும், ஒவ்வொரு கோரும் 75 சதவீதத்தையும் எட்டினால் அந்தக் கான்கிரீட் ஏற்கத்தக்கது. எம்25-க்கு அது 21.25, 18.75. உங்கள் கியூப் 20.4. தூணில் என்ன வரும் என்று இப்போதே சொல்ல முடியாது. தேறலாம், தேறாமலும் போகலாம். எங்கே கோர் எடுப்பது என்பதை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் குறித்துத் தர வேண்டும், ஏனென்றால் தூணில் கம்பி வெட்டுப்பட்டால் நோயைவிட மருந்து பெரிய கேடாகிவிடும். முதலில் அல்ட்ராசோனிக் (ஒலி அலைச் சோதனை), ரீபவுண்ட் ஹாமர் (தட்டிப் பார்க்கிற சுத்தி) இரண்டாலும் பத்துத் தூணையும் ஒப்பிட்டு, பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கோர் எடுப்பார்கள். ஹாமர் எண்ணை மட்டும் காட்டி "பாஸ்" என்று முடித்துவிட விடாதீர்கள். அது மேற்பரப்பைத்தான் சொல்லும். கோரும் தேறவில்லை என்றால் கன்சல்டன்ட் உண்மையில் கிடைத்த வலிமையை வைத்துத் தூணை மறுபடி கணக்கிடுவார். சில தூண்களில் வடிவமைப்பிலேயே மிச்சம் இருக்கும். இல்லாதவற்றுக்குச் சுற்றிலும் கம்பி கட்டி கான்கிரீட் உறை போடலாம், ஃபைபர் சுற்றலாம். பத்துத் தூணுக்கு அது ஆகிற காரியம்தான்.

இந்த வழிகள் எல்லாம் 20.4 என்ற எண்ணிலிருந்துதான் திறக்கும். ரிஜிஸ்டரில் 26.8 என்று இருந்தால் எந்தக் கன்சல்டன்டும் கோர் கேட்க மாட்டார், எந்தத் தூணுக்கும் உறை போடமாட்டார்கள். பொய்யான எண் ஆபத்தை மறைப்பதோடு நிற்காமல் அதற்கான மருந்தையும் மறைத்துவிடுகிறது. எசேக்கியேல் 13-இல் ஒருவன் மண்சுவரை வைக்க, மற்றவர்கள் அதற்குச் சாரமற்ற சாந்தைப் பூசுகிறார்கள். அந்த அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் சுவரின்மேல் மட்டுமல்ல, பூசினவர்கள்மேலும் வருகிறது. சுவர் பலவீனம் என்று தெரிந்தால் முட்டுக் கொடுத்திருப்பார்கள்; பூச்சு அதையும் தடுத்துவிட்டது.

அவரிடம் எப்படிப் பேசுவது? தனியாக, சைட் ஆபீசில் ஆட்கள் கிளம்பிய பிறகு. மத்தேயு 18:15 சொல்கிறபடி நீங்களும் அவரும் தனித்திருக்கையில். மற்ற இன்ஜினீயர்கள் முன்னால் சொன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றப் பேசுவார், தூணைப் பற்றிப் பேசமாட்டார். வசனத்தோடு ஆரம்பிக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்:

"சார், மூணு கியூபும் 20 சொச்சம்தான். என்னால வேற நம்பர் எழுத முடியாது. ஆனா இதை இடிக்கணும்னும் நான் சொல்லல. கன்சல்டன்ட்கிட்ட சொல்லி அல்ட்ராசோனிக்கும் கோரும் பார்த்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் மேல லோடு ஏத்தாம, செவ்வாய்க்கிழமை ஸ்லாப்பை மட்டும் நிறுத்தி வைப்போம். லெட்டர் நானே ரெடி பண்றேன், ஏழாம் நாளே சொல்லாதது என் தப்புன்னும் அதுல எழுதிடறேன்."

இதில் "மாட்டேன்" ஒரு வரி. மிச்சமெல்லாம் அவருக்கான வழி. இது அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் இன்னொரு கணக்கையும் அவர் முன் வைக்கலாம். வீடு வாங்குகிறவர்களைக் காக்கும் ரெரா சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து வாங்கியவர் சொன்னால், முப்பது நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். இன்று வெறும் தூணாக நிற்கும்போது உறை போடுவதும், நாளை டைல்ஸ், கார், குடும்பங்கள் எல்லாம் வந்த பிறகு போடுவதும் ஒரே செலவு இல்லை. நிறுவனத்தின் நலன் கேட்டாலும் பதில் 20.4-தான்.

கொலோசெயரை அவர் எடுத்ததால் சொல்கிறேன். அந்த வசனம் "எல்லாக் காரியத்திலேயும் கீழ்ப்படிந்து" என்பதோடு முடியவில்லை. மனுஷருக்குப் பிரியமாயிருக்கப் பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல், "கபடமில்லாத இருதயத்தோடே" செய்யச் சொல்லி முடிகிறது. ரிஜிஸ்டரில் பார்வைக்கு ஒரு எண் எழுதுவதை அதே வசனமே தடுக்கிறது. இதை அவரிடம் வாதமாக வைக்க வேண்டாம்; அவர் மறுபடியும் அந்த வசனத்தைக் கேட்டால், சேர்ந்து முழுதும் வாசியுங்கள். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். பில் நின்றால் அவர் கழுத்துக்கும் கத்தி வரும். சபையில் அவரை எப்போதும்போலப் பாருங்கள். இதை ஜெபக்குறிப்பாகச் சபையில் சொல்லிவிடாதீர்கள். அது ஜெபம் என்ற பெயரில் போகிற புறங்கூறுதல்.

பேசிய அன்றே மின்னஞ்சல் போக வேண்டும். பேசியதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், எண்கள் மட்டும்: வார்த்த தேதி, இடம், தூண் எண்கள், கிரேடு, சலான் எண், ஏழாம் நாள் எண், 28ஆம் நாள் மூன்று லோடு, சராசரி, வரம்பு, எடுக்காமல் விட்ட மாதிரி, கன்சல்டன்ட் கருத்து வரும்வரை மேல்தள வேலையை நிறுத்தக் கோரிக்கை. மேனேஜருக்கும், நிறுவனத்தில் க்யூ.சி. அறிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று நடைமுறை உண்டோ அவருக்கும். ரிஜிஸ்டரில் பேனாவால் எழுதுங்கள், பென்சிலில் வேண்டாம். தவறினால் ஒற்றைக்கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். மேலே எழுதித் திருத்தாதீர்கள், வெள்ளை பூசாதீர்கள். உடைந்த கியூப் துண்டுகளை எண்ணோடு ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். கடிதம் போன பிறகு அவற்றை அள்ளிக் குழியில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இங்கே மனிதர்கள் வழுக்குகிற இடங்கள் சில. எண்ணை நான் எழுதவில்லை என்று கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்தை மட்டும் போடுவது, அடுத்தவர் நிரப்புவார். "மேலதிகாரி சொன்னபடி" என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவிட்டு 26.8 போடுவது. அன்று லீவ் எடுத்துவிட்டு உதவியாளரை எழுதவிடுவது. வயதில் சின்னவனை உங்கள் இடத்தில் நிறுத்துகிறீர்கள், அது எல்லாவற்றிலும் மோசம். அப்புறம், கூடுதல் சிமென்ட் போட்டுத் தனியாக வார்த்துவைத்த கியூபை இதற்குப் பதிலாக உடைப்பது. அதில் மெஷின் காட்டும் எண் உண்மையாக இருக்கும், கியூப்தான் பொய். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்ன இயேசு இந்தச் சந்துபொந்துகளையெல்லாம் தெரிந்துதான் அவ்வளவு சின்ன வாக்கியமாகச் சொன்னார்.

மேனேஜர் மறுத்துவிட்டால்? செவ்வாய்க்கிழமை ஸ்லாப் போட்டே தீருவேன் என்றால் நீங்கள் அவருக்கு மேலே போகலாம், போக வேண்டும். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டுக்குக் கியூப் முடிவை அனுப்புவது உங்கள் வேலையின் பகுதியாக இருந்தால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் தலைமைக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடாதீர்கள். விஷயம் தூணிலிருந்து உங்கள்மேல் திரும்பிவிடும், சட்டச் சிக்கலும் வரும். தலைமையும் கைவிட்டு, ஆட்கள் குடியேறுகிற நிலை வந்தால், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு திட்ட அனுமதி கொடுத்த அதிகாரியிடம் போவது உங்கள் கடமை. புதுவீட்டைக் கட்டினால் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடி கைப்பிடிச்சுவர் கட்டு என்று உபாகமம் 22:8 சொல்கிறது. கைப்பிடிச்சுவருக்கே அவ்வளவு என்றால் தூணுக்கு எவ்வளவு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். அந்த விபத்தின் காரணங்களை உங்கள் கியூபோடு ஒப்பிட நான் வரவில்லை. குடியேறுவதற்கு முன்பே, வேலை செய்கிறவர்கள்மேல்தான் முதலில் விழும் என்பதற்காகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஸ்லாப்புக்குக் கீழே முட்டு கட்டப்போகிறவர்கள் யார் என்று உங்களுக்குப் பெயரோடு தெரியும்.

வேலை போனால் என்ன செய்வது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். எரிகிற அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற தானியேலின் தோழர் மூவரும் தேவன் தப்புவிப்பார் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல வீட்டில் ஒரு கணக்கு வேண்டும். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்க்கிறான் என்று இயேசு சொன்னது சீஷத்துவத்தைப் பற்றி. உட்காருங்கள். மாதத் தவணை, வாடகை, மளிகை, பிரசவச் செலவு. கையில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது. அப்பா எத்தனை மாதம் தாங்குவார். பிரசவத்துக்கு நிறுவனத்தின் இன்சூரன்ஸை நம்பியிருந்தால் அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாலிசியில் பாருங்கள். அரசு மருத்துவமனையிலும் பதிவு செய்து வையுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பயோடேட்டாவை இன்றே சரிசெய்யுங்கள். தனியார் சோதனைக்கூடங்கள், திட்ட மேற்பார்வை நிறுவனங்கள், மூன்றாம் தரப்புத் தர ஆய்வு நிறுவனங்கள் இவற்றில், எண்ணை மாற்றாத ஆளுக்கு இடம் உண்டு. கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். நீங்கள் போய்விட்டால் அந்த ரிஜிஸ்டருக்கு முன்னால் வேறு ஒருவர் உட்காருவார். அவர்கள் அனுப்பினால் அனுப்பட்டும். ஒபதியா ஆகாபின் அரமனையிலேயே வேலைபார்த்துக்கொண்டு நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் ஒளித்துவைத்துப் பராமரித்தான். கெட்ட இடத்தில் இருப்பது பாவமில்லை. அங்கே உங்கள் கையால் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்பாவிடம் சண்டை போடவேண்டாம். "ஊரோடு ஒத்து வாழ்" என்பது அவர் பிள்ளையின் சோற்றைப் பற்றிய கவலை. அந்த வீடுகளில் ஒன்றை நமக்கே வாங்கியிருந்தால் எந்த எண் வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

இனி அந்த ஃபுட்டிங். 23.1 தனி மாதிரி வரம்பான 22-க்கு மேலே இருக்கிறது. அதோடு சேர்ந்த நான்கு மாதிரிகளின் உண்மையான சராசரி 28-ஐத் தொட்டதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் அந்தக் கான்கிரீட் உள்ளபடியே தேறியிருந்தது. மாற்ற வேண்டிய தேவையே இல்லாத எண்ணை மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவசரத்தில் சொல்லப்படுகிற பொய்களில் பல இப்படித்தான். தொடவில்லை என்றால் அந்த ஃபுட்டிங்கும் கன்சல்டன்ட் பார்வைக்குப் போக வேண்டும். இரண்டிலும், பழைய ரிஜிஸ்டர் பக்கத்தைத் தொடாதீர்கள், கிழிக்காதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் முதலில் பேசிவிட்டு, இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் பதிந்த 25.6 தவறு, மெஷின் காட்டியது 23.1 என்று திருத்தக் கடிதம் கொடுங்கள். சகேயு மனந்திரும்பியபோது "இனி செய்யமாட்டேன்" என்று நிறுத்திக்கொள்ளவில்லை. எவனிடத்தில் அநியாயமாய் வாங்கினானோ அவனுக்கு நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்று எண்ணோடு சொன்னான். உங்கள் எண் 23.1.

நற்கருணையைப் பற்றி. 1 கொரிந்தியர் 11:28, தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தறிந்து விலகிப்போ என்று சொல்லவில்லை. இரண்டு மாதமாக நீங்கள் பாதி வசனத்தில் நிற்கிறீர்கள். ஆயரிடம் தனியாகப் போய், நிறுவனத்தின் பெயரும் மேனேஜரின் பெயரும் இல்லாமல், உங்கள் கையெழுத்தைப் பற்றி மட்டும் அறிக்கையிடுங்கள். திருத்தக் கடிதத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொண்டு, வருகிற ஆராதனையில் முழங்காற்படியிடுங்கள்.

மனைவியிடம் இன்று இரவே சொல்லுங்கள். எட்டாம் மாதம் என்று மறைக்க நினைப்பீர்கள். உங்கள் முகத்தை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். வீட்டுக் கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். நாளைக் காலை கேலிப்ரேஷன் சான்றிதழையும் சலானையும் எடுங்கள், மாலையில் மேனேஜரைப் பாருங்கள், இரவுக்குள் மின்னஞ்சல் போகட்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பம்ப் வந்து நின்றுவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.